உருக்கினால் ஒன்றாகுமா?

நெடுந்தீவின் கரைகளில் ஒதுங்கிக் கிடக்கும் குப்பை ஏற்கெனவே தரம் பிரிக்கப்பட்ட குப்பை. போத்தல் மூடிகள், நீலமும் பச்சையுமான கயிற்றுத் துண்டுகள், வலை மிதவைகள், ரெஜிபோம் கட்டிகள், செருப்புகள், மூடி இறுக்கிய வெறும் போத்தல்கள் என்று கிடக்கும். மூடி இல்லாத போத்தலையோ பி.வி.சி. குழாய்த் துண்டையோ கடல் கொண்டுவந்து போடுவது குறைவு. தங்கூசி வலை வந்தாலும் மிதவையோடும் மிதவைக் கயிற்றோடும் பின்னிப் பிணைந்துதான் வரும்.

பிரித்துக் கொடுத்தது கடல்நீரின் அடர்த்தி. ஒரு கன சென்ரிமீற்றர் கடல்நீரின் திணிவு ஏறத்தாழ 1.02 கிராம். பொலிபுரொப்பிலீன் 0.90 முதல் 0.91 வரை, மூடிகளும் மிதவைகளும் செய்யும் தடித்த பொலித்தீன் 0.95 அளவில். இவை மிதக்கும். தங்கூசியின் நைலோன் 1.14, குடிநீர்ப் போத்தல் செய்யும் பெற் 1.38, பி.வி.சி. சுமார் 1.4. இவை தாழும். பெற் போத்தல் மிதந்து வருவதற்குக் காரணம் உள்ளே அடைபட்ட காற்று. மூடி கழன்றால் நீர் புகுந்து அடியில் போய்விடும். ரெஜிபோமின் கதையும் அதுதான். அதன் பொலிஸ்ரைரீன் 1.05; திண்மமாக இருந்தால் மெல்லத் தாழ்ந்திருக்கும், ஊதிய குமிழிகள்தான் அதைக் காப்பாற்றுகின்றன.

ஆக, கரையில் கூட்டி அள்ளும் குவியலில் திண்மமான பிளாஸ்ரிக் என்று எஞ்சுவதில் பெரும்பங்கு இரண்டே இரண்டு பல்பகுதியங்கள்: பொலித்தீன், பொலிபுரொப்பிலீன். இதைக் கேட்டதும் எவருக்கும் வரக்கூடிய யோசனை ஒன்று உண்டு. இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதானே, ஒரு பீப்பாயில் போட்டு உருக்கி, குறிகட்டுவான் இறங்குதுறையில் வள்ளத்துக்குக் காத்திருப்பவர்கள் உட்கார ஒரு வாங்கு வார்த்துவிட்டால் என்ன? வார்க்கலாம். கட்டியாக, தடிப்பாக வார்த்தால் உட்காரவும் செய்யலாம். அதே உருக்கில் ஒரு வாளியையோ முகம் கழுவும் பேசினையோ வார்த்தால் சில நாளில் விளிம்பிலிருந்து பிளந்துகொண்டு வரும். இந்த அத்தியாயம் அந்தப் பிளவைப் பற்றியது.

முதலில் இரண்டின் உறவையும் பார்த்துவிடுவோம். பொலித்தீன் நீண்ட காபன் சங்கிலி. ஒவ்வொரு காபனிலும் இரண்டு ஐதரசன். பொலிபுரொப்பிலீனும் அதே சங்கிலிதான். ஒன்றுவிட்ட ஒரு காபனில் ஓர் ஐதரசனுக்குப் பதிலாக மெதைல் கூட்டம் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டிலும் காபனும் ஐதரசனும் தவிர வேறொன்றும் இல்லை. மின்னேற்றமோ நீரை இழுக்கும் கூட்டமோ கிடையாது. ஒத்தது ஒத்ததில் கரையும் என்ற பள்ளிக்கூட விதிப்படி இவை ஒன்றில் ஒன்று கரைந்திருக்க வேண்டும். பெற்றோலும் மண்ணெண்ணெயும் இப்படிப்பட்ட உறவினர்தாம். எந்த விகிதத்திலும் முற்றாகக் கலக்கும். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு சொட்டுப் பெற்றோலை வைத்து இயக்கிவிட்டு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய யாழ்ப்பாணத்தவருக்கு இந்தக் கலக்குந்தகவைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

ஆனால் பொலித்தீனும் பொலிபுரொப்பிலீனும் கலக்கா. 200 பாகை செல்சியஸில் உருக்கிக் கிண்டினாலும் ஒன்றுக்குள் மற்றது நுண்ணிய துளிகளாகவே நிற்கும். ஆறிய கட்டியை வெட்டி நுணுக்குக்காட்டியில் வைத்தால் மைக்கிரோமீற்றர் அளவுத் துளிகள் தெரியும். கட்டியைச் சிறிது சிறிதாக வெப்பமேற்றினால் 130 பாகை அளவில் ஒன்று உருகும். மற்றது 165 பாகை வரை பிடிவாதமாக இருக்கும். கலவை என்று நாம் சொல்லிக்கொண்டாலும் இரண்டும் தத்தம் உருகுநிலையை விட்டுக்கொடுக்கவில்லை.

ஏன் என்ற கேள்விக்குச் சிறு மூலக்கூறுகளின் உலகத்திலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு திரவங்கள் கலப்பதா வேண்டாமா என்பது இரண்டு கணக்குகளால் தீர்மானமாகிறது. ஒன்று சக்திக் கணக்கு: அயல் மூலக்கூறின் பக்கத்தில் இருப்பது தன் இனத்தின் பக்கத்தில் இருப்பதை விடச் சுகமா, சங்கடமா? பெரும்பாலும் சிறிது சங்கடந்தான். மற்றது எந்திரப்பிக் கணக்கு: கலந்தால் மூலக்கூறுகள் எத்தனை புதிய விதங்களில் இடம் மாறி அமரலாம்? சிறு மூலக்கூறுகளில் இந்த இரண்டாவது கணக்கு மிகப் பெரியது. சிறு சங்கடத்தை அது அடித்துக்கொண்டு போய்விடும்.

ஒரு சுளகில் ஆயிரம் சிவப்பு மணிகளையும் ஆயிரம் வெள்ளை மணிகளையும் கொட்டிக் குலுக்கினால் அவை எத்தனையோ கோடி விதங்களில் கலந்து அமரும். அதே மணிகளை ஒரு சிவப்பு மாலையாகவும் ஒரு வெள்ளை மாலையாகவும் கோத்துவிட்டுக் குலுக்குங்கள். ஒரு சிவப்பு மணி நகர வேண்டுமானால் அதன் ஆயிரம் கூட்டாளிகளும் நகர வேண்டும். புதிய ஒழுங்குகளின் எண்ணிக்கை அதலபாதாளத்துக்குச் சரிந்துவிடும். மணிகளுக்கு இடையிலான சங்கடமோ குறையவில்லை. ஒவ்வொரு சிவப்பு மணியும் தன்னைத் தொடும் வெள்ளை மணியை முன்போலவே வெறுக்கிறது.

இதைக் கணக்காக எழுதியவர்கள் போல் பிளோரியும் மொறிஸ் ஹகின்ஸும். இருவரும் 1941, 1942 ஆண்டுகளில் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தார்கள். பிளோரிக்கு 1974இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இவர்களுடைய சமன்பாட்டில் சங்கடத்தின் அளவைக் குறிக்க 'கை' என்ற கிரேக்க எழுத்தில் ஓர் எண் வரும். சரிபாதியாகக் கலக்கும் இரண்டு சிறு மூலக்கூறுகளுக்கு அந்த எண் 2 வரை போகலாம். அதுவரை கலவை பிரியாது. ஒவ்வொன்றும் ஆயிரம் கண்ணிகள் கொண்ட சங்கிலிகள் என்றால் எல்லை 0.002. ஆயிரத்தில் ஒரு பங்காகப் பொறுமை குறைந்துவிடுகிறது. மெதைல் கூட்டம் ஒட்டியதால் பொலிபுரொப்பிலீன் சங்கிலி சற்றுத் தடித்து, வேறு விதமாக நெருங்கி அடுக்கிக்கொள்கிறதே, அந்தச் சிறிய வித்தியாசம் போதும் எல்லையைத் தாண்ட. வேதியியல் நெருக்கம் இங்கே உதவாது. சங்கிலியின் நீளமே எதிரி. எழுந்தமானமாக இரண்டு பல்பகுதியங்களை எடுத்தால் அவை கலவா என்று பந்தயம் கட்டலாம். பெரும்பாலும் வெல்வீர்கள்.

கலக்காவிட்டால் என்ன நட்டம்? இங்கேதான் வாளியின் விளிம்புக்கு வருகிறோம். துளிக்கும் அதைச் சூழ்ந்த பொருளுக்கும் இடையிலான எல்லையில் இரு பக்கத்துச் சங்கிலிகளும் சில நனோமீற்றர் ஆழத்துக்குத்தான் ஒன்றுக்குள் ஒன்று எட்டிப் பார்க்கின்றன. பிளாஸ்ரிக்கின் பலம் சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதில் இருக்கிறது. எல்லையில் அந்தச் சிக்கல் இல்லை. இழுத்தால் துளி பிடுங்கிக்கொண்டு வெளியே வரும். துளி இருந்த இடம் வெடிப்பின் தொடக்கமாகும். பொலித்தீன் தனியாக இருந்தால் பல மடங்கு இழுபட்டுத்தான் அறும். பொலிபுரொப்பிலீனும் அப்படியே. 70க்கு 30 என்று இரண்டையும் கலந்த கட்டியோ பத்திலொரு பங்கு நீள்வதற்குள் படக்கென்று முறிந்துவிடக்கூடும்.

இதில் ஏமாற்று ஒன்றும் உண்டு. விறைப்பை மட்டும் அளந்தால் கலவை ஏறத்தாழ இரண்டின் சராசரியைக் காட்டும், ஏனென்றால் விறைப்பை அளப்பது மிகச் சிறிய இழுப்பில். எல்லைகள் அப்போது பிரியத் தொடங்கியிருக்காது. கையில் எடுத்து அமத்திப் பார்ப்பவருக்குப் பொருள் நல்லதாகவே படும். முறிவு நீட்சியும் அடிதாங்கும் திறனும்தான் இரண்டு பெற்றோரையும் விடக் கீழே விழுந்திருக்கும். வாங்கு நிற்பதற்கும் வாளி பிளப்பதற்கும் காரணம் இதுவே. வாங்கின் பலகையில் பாரம் பெரும்பாலும் நசுக்குகிறது, தடிப்பும் தாராளம். வாளியின் மெல்லிய சுவர் இழுபடுகிறது, வளைகிறது, தூக்கி வைக்கும்போது அடிபடுகிறது. கலப்புப் பிளாஸ்ரிக்கில் பலகையும் கட்டையும் செய்வோர் உலகெங்கும் இருக்கிறார்கள். குவளை செய்வோர் இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு ஊர்காவற்றுறையில் படகு கட்டும் கயிறு குறுக்கே வந்து நிற்கிறது. கடைகளில் கிடைக்கும் பலமான மீன்பிடிக் கயிறுகளில் ஒரு வகை பொலிபுரொப்பிலீனும் பொலித்தீனும் வேண்டுமென்றே கலந்து இழுத்தவை. முறியும் என்று சொன்ன அதே சோடி! வித்தியாசம் இழுத்த விதத்தில் இருக்கிறது. உருக்கைத் துளை வழியே தள்ளி, ஆறவைத்து, பிறகு சூட்டோடு பல மடங்கு நீளத்துக்கு இழுக்கிறார்கள். உள்ளிருந்த துளிகள் எல்லாம் இழையின் திசையில் நீண்டு நுண்ணார்களாகின்றன. சங்கிலிகளும் அதே திசையில் நிமிர்கின்றன. பாரம் வருவதும் அதே திசையில்தான், எல்லைகளுக்குக் குறுக்காக அல்ல. பொலிபுரொப்பிலீன் பலத்தைத் தருகிறது. பொலித்தீன் கைக்கு இதமான நெகிழ்வைத் தருகிறது. பொலிபுரொப்பிலீனின் மெதைல் ஒட்டிய காபன் வெயிலின் புறஊதாக் கதிருக்கு இலகுவில் பலியாகும், அதனால்தான் பாதுகாப்புச் சேர்மானம் குறைந்த மலிவுக் கயிறு ஒரு சோளகத்துக்குள் நார்நாராக உரிந்து கையில் குத்துகிறது. ஆனால் அது வெயிலின் குற்றம், கலப்பின் குற்றம் இல்லை.

ஆகவே கலக்காமையைத் தீயது என்று எழுதிவிட முடியாது. சொல்லப்போனால் இருபதாம் நூற்றாண்டின் கெட்டிக்காரப் பிளாஸ்ரிக்குகளில் பல கலக்காமையில் வாழ்கின்றன. வெறும் பொலிஸ்ரைரீன் கண்ணாடிபோல் தெளிவானது, கண்ணாடிபோல் உடைவது. அதற்குள் மைக்கிரோமீற்றர் அளவு இறப்பர்த் துளிகளை வைத்தால், துளிகளின் ஓரங்களில் ஆயிரக்கணக்கான நுண்வெடிப்புகள் பிறந்து அடியின் சக்தியைப் பங்கு போட்டு விழுங்கிவிடும். பெரிய வெடிப்பு ஒன்று ஓடுவதற்குச் சக்தி மிஞ்சாது. குளிர்சாதனப் பெட்டியின் உட்சுவர் அந்தப் பொருள்தான். இறப்பர் பொலிஸ்ரைரீனில் கரைந்துபோயிருந்தால் இந்த வித்தை நடந்திராது. இடைப்பட்ட ஒரு மெதுமெதுப்பு மட்டுமே கிடைத்திருக்கும். துளிகள் பிடுங்கிக்கொள்ளாமல் இருக்க, இறப்பர்ச் சங்கிலியிலேயே பொலிஸ்ரைரீன் கிளைகளை வளர்த்துவிடுகிறார்கள். தெளிவு போய் வெண்மை வந்துவிடும். அந்த வெண்மை, ஒளி துளிகளில் பட்டுச் சிதறுவதன் விளைவு. கலவை பிரிந்திருப்பதைக் கண்ணுக்குக் காட்டும் மலிவான சோதனை.

1876இல் ஹெனரத்கொடவுக்குக் கியூ தோட்டத்திலிருந்து வந்த நாற்றுகளோடு இறப்பர் பயிரிட்ட நாடு நமது. பண்ணைப் பாலத்தில் ஓடும் பேருந்தின் ரயரிலும் இந்தக் கலக்காமைக் கதை உருள்கிறது. ரயரின் பக்கச்சுவரில் இயற்கை இறப்பரும் பொலிபியூற்றடையீன் என்ற செயற்கை இறப்பரும் கலந்திருக்கும். இவையும் கலவா இனம். கந்தகத்தோடு சூடாக்கி இரண்டின் சங்கிலிகளுக்கும் குறுக்கே பாலம் போட்டுப் பூட்டிவிடுகிறார்கள், பிரிய நினைத்தாலும் பிரிய முடியாதபடி.

இவை பிரிந்திருப்பதைக் கண்டுபிடிக்க நுணுக்குக்காட்டியும் தேவையில்லை. ஒவ்வொரு பல்பகுதியத்துக்கும், அதற்குக் கீழே போனால் கண்ணாடிபோல் விறைத்துவிடும் வெப்பநிலை ஒன்று உண்டு. கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை என்பார்கள். இயற்கை இறப்பருக்கு அது சைபருக்குக் கீழே ஏறத்தாழ 70 பாகை; பொலிபியூற்றடையீனுக்கு ஏறத்தாழ 100 பாகை கீழே. கலவையைக் குளிரூட்டும்போது இரண்டு இடங்களில் விறைத்தால் அங்கே இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒரே இடத்தில், அதுவும் இரண்டுக்கும் நடுவே விறைத்தால் மெய்யாகவே கலந்திருக்கின்றன.

அப்படி மெய்யாகக் கலக்கும் சோடிகளும் உண்டு. புகழ்பெற்றது பொலிஸ்ரைரீனும் பொலிபினைலீன் ஒட்சைட்டும். முன்னது 100 பாகையில் இளகும். பின்னது 210 பாகை அளவில். பின்னது அருமையான பொருள், ஆனால் அவ்வளவு சூட்டில் அச்சில் வார்ப்பது பெரும்பாடு. சரிபாதியாகக் கலந்தால் 150 பாகைக்குச் சற்றுக் கீழே ஒரே ஒரு நிலைமாற்றம் வரும். விகிதத்தை மாற்றி வேண்டிய வெப்பநிலையை வாங்கிக்கொள்ளலாம். ஜெனரல் எலெக்ரிக் நிறுவனம் 1960களில் இதை நோரில் என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. இரண்டின் வளையக் கூட்டங்களுக்கும் இடையே சங்கடத்துக்குப் பதிலாகச் சிறிய கவர்ச்சி இருப்பதால் இது நடக்கிறது. எந்திரப்பி கைவிட்ட இடத்தில் கவர்ச்சி மட்டுமே கலப்பை நடத்த முடியும்.

அந்தக் கவர்ச்சிக்கு ஒரு விந்தையான விளைவும் உண்டு. சீனியைக் கரைக்கத் தண்ணீரைச் சூடாக்குகிறோம். சூடு கலப்புக்கு உதவும் என்று அதனால் பழகிவிட்டோம். கலக்குந்தகவுள்ள பல்பகுதியச் சோடிகளில் பல நேரெதிர். பொலிஸ்ரைரீனும் பொலிவைனைல் மெதைல் ஈதரும் அறை வெப்பநிலையில் தெளிவாகக் கலந்திருக்கும். 100 பாகைக்கு மேலே எங்கோ ஓரிடத்தில் பால்போல் வெளுத்துப் பிரிந்துவிடும். சூட்டில் கவர்ச்சி தளர்கிறது, இரு வகைச் சங்கிலிகளும் ஒரே அளவில் விரிவடைவதும் இல்லை. உருக்கினால் ஒன்றாகும் என்ற நம்பிக்கைக்கு இதைவிடப் பெரிய அடி வேறில்லை.

பிரிவதை வேலைக்கு வைத்துக்கொண்ட கதை தீவுவாசிகளுக்கு இன்னும் நெருக்கமானது. கிணற்றுநீர் உவர்க்கும் தீவுகளில் எதிர்ப் பிரசாரணத்தால் கிடைக்கும் நன்னீர் இன்று பழகிப்போன விடயம். அந்த எந்திரத்தின் நெஞ்சு ஒரு மென்றகடு. உண்மையில் உப்பைத் தடுப்பது மயிரை விட நூற்றுக்கணக்கான மடங்கு மெல்லிய பொலியேமைட்டுப் படலம்; அதைத் தாங்குவது கடற்பஞ்சுபோல் துளைகள் நிறைந்த பொலிசல்போன் அடுக்கு. அந்தத் துளைகளை எவரும் ஊசியால் குத்தவில்லை. பொலிசல்போனைக் கரைப்பானில் கரைத்து, மெல்லப் பூசி, தண்ணீரில் அமிழ்த்துகிறார்கள். தண்ணீர் நுழைந்ததும் கரைசல் நிலைகுலைந்து, பல்பகுதியம் செறிந்த பகுதியும் குறைந்த பகுதியுமாகப் பிரிகிறது. செறிந்தது சுவராகிறது, குறைந்தது துளையாகிறது. இந்த வழியை 1950களின் இறுதியில் லொஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் தொடக்கிவைத்த இருவரில் ஒருவர் சிட்னி லோப்; மற்றவர் இந்தியாவிலிருந்து போன சீனிவாச சௌரிராஜன். அவர்கள் கையாண்டது செலுலோசு அசற்றேற்று. கடல்நீரைக் குடிநீராக்குவது கைக்கெட்டும் காரியம் என்று உலகம் நம்பத் தொடங்கியது அந்தத் தகட்டிலிருந்துதான். நம்மவர் பெயர்களைச் சாலைகளுக்குச் சூட்டும்போது சௌரிராஜன் நினைவுக்கு வருவதில்லை என்பது என் தனிப்பட்ட மனக்குறை.

மீண்டும் கரைக்கு. பொலித்தீனையும் பொலிபுரொப்பிலீனையும் சமாதானப்படுத்த வழியே இல்லையா? இருக்கிறது. ஒரு பாதி பொலித்தீனாகவும் மறுபாதி பொலிபுரொப்பிலீனாகவும் உள்ள சங்கிலியைச் சேர்த்தால் அது எல்லையில் போய் நின்று இரு பக்கமும் வேர் விடும். 2017இல் கோர்னெல், மினசோட்டாப் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் இரண்டு இனத்தையும் மாறிமாறிக் கோத்த நான்கு கட்டச் சங்கிலி ஒன்றை உருவாக்கினார்கள். நூற்றுக்கு ஒரு பங்கு சேர்த்ததிலேயே முறியும் கலவை இழுபடும் கலவையாக மாறிவிட்டது. பனந்தும்பைப் பொலிபுரொப்பிலீனோடு சேர்த்துப் பலகை செய்ய நினைப்பவருக்கும் தேவை இதே தந்திரம். தும்பின் செலுலோசு நீரை விரும்பும், பிளாஸ்ரிக் நீரை வெறுக்கும்; மலேயிக் நீரிலி ஒட்டிய பொலிபுரொப்பிலீன் சிறிது சேர்த்தால் இரண்டையும் பிடித்து வைக்கும். ஆனால் இத்தகைய இணக்கிகள் கரையில் ஒதுங்குவதில்லை. காசு கொடுத்து வாங்க வேண்டும், கலக்கத் தகுந்த எந்திரமும் வேண்டும். பொலித்தீனுக்கும் பொலிபுரொப்பிலீனுக்கும் பொருந்தும் இணக்கி பெற்றுக்கும் நைலோனுக்கும் பொருந்தாது என்பதையும் மறக்கக் கூடாது.

எனவே தீவுகளுக்கு என் பரிந்துரை பழையதுதான்: கலக்கும் முன் பிரியுங்கள். பிரித்ததன் அருமைக்கு அண்மைக்கால உதாரணம் இரண்டு உண்டு. 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் குருணிகள் கடலில் கொட்டின. 2025 மே 25இல் கேரளக் கரைக்கு அப்பால் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 கப்பலின் குருணிகள் இலங்கையின் வட கரை வரை வந்தன. தொழிற்சாலையிலிருந்து வந்த குருணி ஒரே இனப் பல்பகுதியம். எரியாமல் கிடைத்தால் மீண்டும் உருக்கலாம். தீயில் மற்றச் சரக்குகளோடு உருகிக் கட்டியானவற்றை ஒன்றும் செய்ய முடியாது.

நயினாதீவில் ஆனித் திருவிழாவுக்கு வரும் அடியார் குடித்துவிட்டுப் போடும் ஒரு தண்ணீர்ப் போத்தலிலேயே மூன்று இனங்கள் இருக்கும்: உடல் பெற், மூடி பெரும்பாலும் பொலித்தீன், சுற்றிய தாள் பல வேளைகளில் பொலிபுரொப்பிலீன். நறுக்கிக் கடல்நீர் வாளியில் போட்டால் பெற் அடியில் போகும், மற்ற இரண்டும் மிதக்கும். மிதப்பவற்றைத் துடைத்துத் தேங்காய் எண்ணெயில் போடுங்கள். எண்ணெயின் அடர்த்தி 0.92க்குச் சற்றுக் கீழே. தடித்த பொலித்தீன் தாழும், பொலிபுரொப்பிலீன் மிதக்கும். குமிழி ஒட்டியிருந்தால் தட்டிவிட வேண்டும். சுண்ணாம்புத் தூள் சேர்த்த கதிரைத் துண்டு போன்றவை இந்தச் சோதனையில் பொய் சொல்லும். மூட்டைக் கணக்கில் பிரிப்பதற்கு எண்ணெய் கட்டாது. எந்தப் பொருள் எந்த இனம் என்று ஒருமுறை அறிந்துகொள்ள ஒரு கோப்பை போதும், பிறகு கண்ணே பழகிவிடும். தங்கூசியைத் தனியே கட்டுங்கள். 220 பாகையில் உருகும் நைலோனுக்கு மீள்சுழற்சியில் மதிப்பு உண்டு, கயிற்றோடு கலந்தால் இரண்டுக்கும் இல்லை.

பி.வி.சி. விடயத்தில் மட்டும் இரக்கம் காட்ட வேண்டாம். மற்றவை உருகும் சூட்டிலேயே அது சிதைந்து ஐதரசன் குளோரைட்டைக் கக்கும். பெற் உருகுவதற்கு 250 பாகைக்கு மேல் வேண்டும். அந்த உருக்கில் ஒரு சிறு குழாய்த் துண்டு விழுந்தாலே முழு வார்ப்பும் மஞ்சளாகிக் கரும்புள்ளி விழும். குழாய், வயர் உறை, பழைய மேசை விரிப்பு என்று பி.வி.சி. ஐயம் வரும் எதையும் தனிப் பையில் போடுங்கள். அடுப்பில் மட்டும் போடாதீர்கள்.